மூன்றா, எட்டா? ஒரு தாராவிக் குழுப்படமும் மேகச் சேமிப்பும்

2019இல் தாராவியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தார் தம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த குழுப்படமொன்றைப் படியெடுத்துக்கொள்ள எனக்கு இசைவளித்தனர். ஊர்ச்சங்கத்தின் ஆண்டு விழாவில் எடுத்த படம் அது. வேட்டி சட்டையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள், முன்வரிசையில் தரையில் அமர்ந்த சிறுவர்கள், பின்னால் இரு மூங்கில்களுக்கிடையே கட்டிய தமிழ்த் துணிப்பதாகை. பதாகையின் கீழ்வரியில் விழா நடந்த ஆண்டு எழுதப்பட்டுள்ளது. முதல் மூன்று இலக்கங்கள் 196 என்பதில் ஐயமில்லை. நான்காவது இலக்கம் மூன்றா, எட்டா என்பதைத்தான் இன்று என்னால் சொல்ல இயலவில்லை. படத்தைக் கையில் வைத்திருந்த நாளில் அதைக் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை. படிதான் இருக்கிறதே என்ற துணிச்சல்.

ஐந்தாண்டு வேறுபாடு பெரிதா என்று கேட்கலாம். பம்பாய்த் தமிழர் வரலாற்றில் மிகப் பெரிது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பட்டது. அதன் முதல் இலக்கு தென்னிந்தியர். அதற்கு முன்பே பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ் நிறுவனங்களில் பணிபுரியும் தென்னிந்திய அலுவலர்களின் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டு வந்தது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. 1963இல் தெருவில் கட்டிய தமிழ்ப் பதாகை வழக்கமான விழா ஏற்பாடு. 1968இல் அதே இடத்தில் அதே பதாகை என்றால் அது ஒரு நிலைப்பாடு. அப்படத்தைச் சான்றாகக் கொண்டு நான் எழுத எண்ணிய இயல் இந்த ஓர் இலக்கத்தில்தான் நின்றுபோனது.

பிழை என்னுடையது, அது கணக்கில் அடங்குவது. படம் 12 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் கொண்டது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தேன். 7200க்கு 6000, அதாவது 43.2 மெகாபிக்சல். சுருக்கப்படாத வண்ணக் கோப்பாக அது ஏறத்தாழ 130 எம்பி. மடிக்கணினியில் இடம் போதவில்லை. இலவச மேகச் சேமிப்பகமொன்றில் 'உயர் தரம்' என்று பெயரிட்ட தெரிவில் ஏற்றிவிட்டுக் கணினியிலிருந்த கோப்பை அழித்தேன். அத்தெரிவின் உச்சவரம்பு 16 மெகாபிக்சல். எனவே படம் அங்குலத்துக்கு ஏறத்தாழ 365 புள்ளிகளாகக் குறைந்தது. அச்சில் 0.7 மில்லிமீட்டர் உயரமுள்ள இலக்கம் மூலக் கோப்பில் 16 பிக்சல் உயரம் பெற்றிருக்கும். இப்போது அதற்கு 10 பிக்சல்தான். அதன்மேல் ஜேபெக் சுருக்கம் வேறு. மூன்றின் இடப்பக்கத் திறப்பு மூடிக்கொள்ள அவ்வளவு போதும். முகங்கள் அத்தனையும் தெளிவாக இருப்பதால் இழப்பு நடந்ததே எனக்கு நீண்ட நாள் தெரியவில்லை. பின்னர் அந்தக் குடும்பம் வீடு மாறியபோது மூலப்படமும் தொலைந்தது.

இலவசச் சேமிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் மாணவர்கள் அதை அறிந்திருப்பது நல்லது. 2015 மே மாதம் தொடங்கப்பட்ட கூகுள் போட்டோஸ், 16 மெகாபிக்சலுக்குள் சுருக்கிய படங்களை வரம்பின்றி இலவசமாக வைத்துக்கொண்டது. 2020 நவம்பரில் அறிவித்தபடி 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் சுருக்கிய படங்களும் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்கிடப்படுகின்றன. மின்னஞ்சலும் டிரைவும் அதே இடத்தைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. 'உயர் தரம்' என்ற பெயரும் 'ஸ்டோரேஜ் சேவர்' என மாறியது. முன்னதைவிட நேர்மையான பெயர். எனது ஸ்கேனைப் போன்ற சுருக்கப்படாத கோப்புகள் 15 ஜிபியில் 115 அளவில்தான் அடங்கும். ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு மாதக் களப்பணியிலேயே அதைத் தாண்டிவிடுவார்.

படத்தின் அளவையும் தரத்தையும் படத்துக்கு உரியவரன்றி வேறொருவர் முடிவுசெய்வது தாராவிக்குப் புதிதன்று. 1976இல் பம்பாய்க் குடிசைப் பகுதிகளில் அரசு கணக்கெடுப்பு நடத்திக் குடிசைகளுக்கு எண்ணிட்டு, குடியிருப்போருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்கியது. 'போட்டோ பாஸ்' என்ற பெயரால் அது இன்றும் வழங்குகிறது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அந்த அடையாள அட்டை பெற்ற குடிசைவாசிகளுக்கு மாற்றிடம் தரப்பட வேண்டும் எனக் கூறியது. பின்னர் தகுதிக்கான எல்லைநாள் 1995 ஜனவரி 1 என்றும் 2000 ஜனவரி 1 என்றும் நகர்ந்தது. ஒரு சிறு கறுப்பு வெள்ளைப் படமும் ஓர் எண்ணும் ஒரு குடும்பம் இந்நகரில் இருக்கலாமா என்பதை முடிவுசெய்தன. மாட்டுங்காவின் அடுக்குமாடி வீடுகளில் படம் நினைவுக்கானது. தாராவியில் அது வழக்குக்கானதும்கூட.

மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியபோது அந்தப் பழைய அட்டைகள் மீண்டும் பெட்டியைவிட்டு வெளிவந்தன. பெரும்பாலானவை லேமினேட் செய்யப்பட்டவை. அந்த நெகிழித்தாள் ஒளியைத் திருப்பியடிக்கும். விளக்கொளியில் கைப்பேசியால் எடுத்தால் எண்ணின்மேல் வெள்ளைத் தீற்று விழும். சன்னலருகே பகல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்து எடுக்க வேண்டும். எடுத்ததை உறவினருக்கு வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் படம் மேலும் சுருங்குகிறது. எடுத்த நாள் முதலிய மீத்தரவுகளும் நீங்கிவிடுகின்றன. 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் கோப்பு மாறாது. இன்னொன்றையும் ஆய்வாளர்களுக்குச் சொல்ல வேண்டும்: இத்தகைய அட்டைகளின் படிகளை இணைப்பு கிடைத்தவரெல்லாம் திறக்கக்கூடிய பொதுத் தொகுப்பில் இடுதல் தகாது. அவை நம் சான்றாகும் முன்னர் அவர்களின் உடைமை.

மாட்டுங்காவின் சிக்கல் வேறு வகை. 1896இன் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர்-மாட்டுங்கா பகுதியில் தமிழ் எழுத்தர் குடும்பங்கள் அடுக்குமாடி வாழ்வைக் கற்றுக்கொண்டதை நிகில் ராவ் விரிவாக எழுதியுள்ளார். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அங்கு தோன்றியது. அவ்வீடுகளில் பள்ளிக் குழுப்படங்களும் திருமண ஆல்பங்களும் பரண் நிறைய உண்டு. பழைய கட்டடம் இடிக்கப்படும்போதோ, பிள்ளைகள் செம்பூருக்கோ வெளிநாட்டுக்கோ பெயரும்போதோ அவை கைப்பேசியால் அவசரமாகப் படியெடுக்கப்பட்டு ரத்திவாலாவிடம் எடைக்குப் போகின்றன. மகன் பெயரிலோ மருமகள் பெயரிலோ உள்ள கணக்கில் அவை தங்கும். ஆனால் 1950களின் படங்கள் அங்கே படியெடுத்த நாளின் கீழ் வரிசைப்படும். தேதியை நாமே திருத்தாவிட்டால் தாத்தாவின் திருமணம் பேரனின் பிறந்தநாளுக்கு அடுத்து நிற்கும். தந்தை இறந்தபின் எவரும் திறவாத கணக்கும் நிலையானதன்று. ஈராண்டு பயன்படுத்தப்படாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கலாம் என்பது கூகுளின் விதி.

ஆகவே மேகத்தைத் துறக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆற்றங்கரை வீடுகளில் நீர் புகுந்தபின் ஆல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை அம்மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர்களுக்கு 10 பிக்சல் இலக்கம்கூட வரமே.

நூலகத்துறை இதே பாடத்தை முன்பே கற்றது. அமெரிக்க நூலகங்கள் இடம் மிச்சப்படுத்த நாளிதழ்களை நுண்படச்சுருளில் பதிந்துவிட்டு மூல இதழ்களைக் கழித்ததை நிக்கல்சன் பேக்கர் 2001இல் 'டபுள் ஃபோல்டு' நூலில் கடுமையாகச் சாடினார். நுண்படம் எழுத்தைக் காத்தது. ஒளிப்படங்களின் இடைச்சாயல்களைப் பலவிடங்களில் தின்றது. மேகச் சேமிப்பில் ஏற்கெனவே மூலத் தரத்தில் உள்ள படங்களைச் சுருக்கி இடத்தை மீட்டுத்தரும் பொத்தானும் அதே வேலையைச் செய்கிறது. அதை அழுத்தியபின் மீட்சி இல்லை.

எனது இப்போதைய வழக்கம் எளிது. அன்றாடக் கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் 12 மெகாபிக்சல். சுருக்கினாலும் அவற்றின் அளவு குறையாது, அவற்றை ஸ்டோரேஜ் சேவரிலேயே விடுகிறேன். இடத்தை உண்மையில் விழுங்குபவை நெடிய காணொளிகளும் கருத்தரங்குத் திரைப்பிடிப்புகளுமே. அவற்றை மாதந்தோறும் களைகிறேன். சிறு அச்சுப்படத்துக்கும் கவலையில்லை: 6க்கு 4 அங்குலப் படம் 600 புள்ளியில் 8.64 மெகாபிக்சல்தான். பெரிய குழுப்படம், அட்டை, பத்திரம் ஆகியவை மட்டும் மூலத் தரத்தில் மேகத்தில் ஒன்றும், வேறொரு வீட்டில் வைத்த வன்தட்டில் ஒன்றும். கைப்பேசியில் 'இடத்தை விடுவி' என்பதை வன்தட்டுக் கோப்பைத் திறந்து பார்த்த பின்னரே தொடுகிறேன். படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்கிறேன்; ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்குதான் இருக்கும்.

அந்தத் தாராவிப் படத்தின் பின்புறத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை. ஏதோ எழுதியிருந்தது என்கிறார் அவ்வீட்டுப் பெரியவர். குழுப்படங்கள் பல படிகள் போடப்பட்டு உறுப்பினருக்கு வழங்கப்படுவது அந்நாளைய வழக்கம். நெல்லைப் பக்கத்திலோ தாராவி, சயான், செம்பூரிலோ உங்கள் வீட்டில் மூங்கிலில் கட்டிய பதாகையுடன் இப்படியொரு படம் இருந்தால், கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.