செஞ்சிக் கோட்டை – முற்றுகையிட்டவர்களுக்கே முற்றுகை

1690 செப்டம்பரில் சுல்பிகார் கான் செஞ்சி அடிவாரத்தில் பாளையம் இறங்கினார். ஔரங்கசீப்பின் அமைச்சர் ஆசத் கானின் மகன்; பூர்வீகம் பாரசீகம். மேலே கோட்டைக்குள் இருந்தவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம்.

ஆனால் செஞ்சியைச் சுற்றி வளைப்பது லேசான காரியமா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள்; இடையே மைல் கணக்கில் மதில். ராஜகிரி உச்சிக்கு முன்னால் ஓர் ஆழமான பிளவு. அதன்மேல் போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலே இருப்பவர்களை நெருங்க வழியில்லை. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் அரிசி போய்க்கொண்டிருந்தது.

கீழே இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழை வடக்கத்திச் சிப்பாய்களுக்குப் பழக்கமில்லை. முகலாயப் படையோடு வந்த பீம்சேன், அடைமழையில் அந்த வட்டாரமே ஏரியாகிவிட்டதையும் தானியம் விலையேறியதையும் தன் பாரசீக நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

1692 டிசம்பரில் மராட்டியக் குதிரைப்படை வந்து சேர்ந்தது. சந்தாஜி கோர்படே காஞ்சிபுரத்து ஃபவுஜ்தார் (முகலாயப் படை அதிகாரி) அலி மர்தான் கானைப் பிடித்தார். தனாஜி ஜாதவ் செஞ்சிக்கு மேற்கே இருந்த முகலாயத் தளபதி இஸ்மாயில் கானைப் பிடித்தார். தானிய வண்டிகள் நின்றன. வளைக்க வந்தவர்களே வளைக்கப்பட்டார்கள்.

போதாததற்கு பாளையத்துக்குள்ளேயே ஒரு கூத்து. ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷ், ராஜாராமோடு ரகசியமாகப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். பாதுஷா இறந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியதும், ஆசத் கானையும் சுல்பிகாரையும் பிடித்துவிடத் திட்டமிட்டார். அவர்கள் முந்திக்கொண்டு இளவரசரையே காவலில் வைத்தார்கள். பிறகு 1693 ஜனவரியில் ராஜாராமிடம் சமாதானம் பேசி வழி வாங்கிக்கொண்டு, வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். அத்தனை பெரிய சாம்ராஜ்யத்தின் சேனைக்கு இது சாதாரண அவமானமல்ல.

சுல்பிகார் திரும்பவும் வந்தார். ஆனால் மராட்டியரோடு உள்ளுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு இழுத்தடிக்கிறார் என்ற பேச்சு அப்போதே இருந்தது. வெறும் பொறாமைப் பேச்சு என்று அதை ஒதுக்க எனக்கு மனமில்லை. 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லையே! வேலூருக்குத் தப்பி, அங்கிருந்து மராட்டிய நாட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அகப்பட்டது குடும்பத்தார்தான்.

சுல்பிகாரின் நுஸ்ரத் ஜங் பட்டத்தை ஒட்டி, கோட்டை ‘நுஸ்ரத்கட்’ ஆனது. அதற்குக் கிலேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, வந்தவர் புந்தேலா ராஜபுத்திரர் சரூப் சிங். அவர் மகன் தேஜ் சிங்கைத்தான் நாம் தேசிங்கு ராஜன் என்கிறோம். அவர் ஆற்காட்டு நவாபோடு மோதிய கதை அடுத்த வாரம்.