ஒன்பதாம் எண் யாருக்கு?

கால்பந்து ரசிகர்களுக்குள் ஓயாமல் சண்டை மூட்டுகிற இடம் மைதானத்தில் ஒன்று உண்டு. எதிரணியின் கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்கிற ஸ்ட்ரைக்கரின் இடம். கோல்கீப்பர் பந்தை நழுவவிட்டால் இரண்டு நாள் திட்டுவோம். தடுப்பாட்டக்காரரின் பெயர் பலருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒன்பதாம் எண் சட்டையை யாருக்குக் கொடுக்கலாம் என்கிற பேச்சு ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து, ஆட்டம் முடிந்து ஒரு மாதம் வரைக்கும் ஓடும்.

அந்தப் பேச்சு எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. காளப்பநாயக்கன்பட்டி கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிற பேரூர். காரவள்ளிக்குப் போய் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற பேருந்துகள் எங்கள் ஊரைக் கடந்துதான் போகும். இங்கே பசங்களுக்குக் கிரிக்கெட், திருவிழா என்றால் கபடி. கால்பந்து, அதிலும் பெண்கள் கால்பந்து என்றால் பத்து வருடம் முன்பு சிரித்திருப்பார்கள். இப்போது டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் செல்போனை நடுவில் சாய்த்து வைத்துக்கொண்டு இந்தியப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள்.

"பாலா தேவி மாதிரி ஃபினிஷிங் வேற யாருக்குங்க வரும்?"

"அவங்க காலம் முடிஞ்சுதுங்க. பியாரியப் பாருங்க, மங்கோலியாவுக்கு ஒரே மேட்சுல அஞ்சு போட்டுச்சு."

"மங்கோலியாவுக்கு நானுந்தான் போடுவனுங்க. பெரிய டீமுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்க."

"நம்ம மாவட்டத்துப் புள்ள மாரியம்மாள எடுத்தாங்கல்ல, அதுக்கு எத்தன மேட்சு குடுத்தாங்க?"

கடைசிக் கேள்வியில் ஊர்ப்பாசம் இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்து முன்கள ஆட்டக்காரர் மாரியம்மாள் பாலமுருகன் 2022 ஆசியக் கோப்பை அணியில் இடம்பெற்றவர். ஆனால் பாசத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கேள்வி நிற்கிறது. எத்தனை மேட்ச் கொடுத்தார்கள்? மற்ற மூன்று பேரின் வாதங்களுக்கும் பதில் இந்த ஒரு கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கு ஐம்பது வருடம் பின்னால் போகவேண்டும்.

இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கென்று ஒரு சம்மேளனம் 1975-இல் உருவானது. அந்த வருடமே லக்னோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. ஆண்களின் கால்பந்தை நடத்திய அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் இதற்கும் அப்போது சம்பந்தம் இல்லை. ஆசிய அளவிலும் கதை அதுதான். பெண்களுக்கான ஆசியப் போட்டிகளைத் தனியாக ஓர் அமைப்பு நடத்திக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் 1921-இல் பெண்களுக்கு மூடிய கழக மைதானங்களைத் திறந்துவிட்டதே 1971-இல்தான் என்பதை நினைத்துக்கொண்டால், நம்மவர்கள் ஒன்றும் ரொம்பத் தாமதமாகத் தொடங்கவில்லை என்று தெரியும்.

தொடங்கியது மட்டுமல்ல, நன்றாகவே ஆடினார்கள். 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியாவிலிருந்து இரண்டு அணிகள் இறங்கின. யாரை எடுப்பது, யாரை விடுவது என்று இன்றைக்கு மண்டையை உடைத்துக்கொள்கிற ரசிகருக்கு அந்தக் காலம் சொர்க்கமாகத் தோன்றும். அதில் ஓர் அணி இறுதி ஆட்டம் வரை போய்ச் சீன தைபேயிடம் தோற்றது. அடுத்த வருடம் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில் மறுபடி இறுதி ஆட்டம். தாய்லாந்திடம் 3-0 என்று தோல்வி. அந்தத் தலைமுறையின் முன்கள ஆட்டக்காரர் வங்காளத்தின் சாந்தி மல்லிக். 1983-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

ஆசியாவில் இரண்டாம் இடத்தில் இருந்த அணி அதன்பிறகு என்ன ஆனது? 1990-களின் தொடக்கத்தில் பெண்கள் ஆட்டம் அகில இந்திய சம்மேளனத்தின் கைக்கு வந்தது. அதற்குள் சீனா, ஜப்பான், கொரியா எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்களைத் தயார் செய்து முன்னே போய்விட்டன. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் சீனா இந்தியாவுக்கு 16 கோல் போட்டது. நாம் ஒன்றுகூடப் போடவில்லை. 2009-இல் நிலைமை இன்னும் மோசம். நீண்ட காலம் சர்வதேச ஆட்டமே ஆடாததால் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே ஃபிஃபா இந்தியாவின் பெயரை எடுத்துவிட்டது. தோற்றுப்போய்க் கீழே இறங்கினால் ஏறி வரலாம். ஆடாமல் போனவர்களுக்கு ஏற ஏணியே கிடையாது.

மணிப்பூரின் பாலா தேவிக்கு அப்போது வயது 19. ஸ்ட்ரைக்கருக்கு இந்த வயது முக்கியம். கோல் முன்னால் நிற்கிற ஆளுக்குத் தேவையான வேகமும் உதைக்கும் வலுவும் பயிற்சியில் வந்துவிடும். தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் எந்த நொடியில் நழுவுவது, கோல்கீப்பர் எந்தக் காலில் எடை வைத்திருக்கிறார், குறுக்கே வருகிற பந்துக்கு முன் கம்பத்துக்கு ஓடுவதா பின் கம்பத்தில் காத்திருப்பதா என்பதெல்லாம் மேட்சில் தவறித் தவறித்தான் வரும். ஐரோப்பாவில் ஒரு பெண் 17 வயதிலிருந்து 22 வயதுக்குள் வாராவாரம் ஆடித் தவறவிடுகிற வாய்ப்புகளை, நம் பெண்கள் தவறவிடக்கூட வழியில்லாமல் இருந்தார்கள்.

பெண்களுக்கான தேசிய லீக் 2016-17-இல்தான் வந்தது. வந்ததே பெரிய விஷயம். ஆனால் அதன் முதல் சில வருடங்களில் எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டி, சில வாரங்களில் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த லீக்கில் மணிப்பூர் போலீஸ் அணிக்காக பாலா தேவி 26 கோல் அடித்தார். ஒரே மாதத்தில்! மீதி பதினொரு மாதம் அந்தக் கால்களுக்கு என்ன வேலை இருந்தது? இறுதி ஆட்டத்தில் அவருடைய அணியை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது நம் மதுரைக்காரர்களின் சேது அணி. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அதில் இரட்டைச் சந்தோஷம். 2018-இல் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியிலும் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல்முறையாகப் பட்டம் பெற்றிருந்தது. "மணிப்பூர் புள்ளைகள மட்டும் எடுக்கறாங்க" என்கிற புகார் இங்கே சூடுபிடித்ததும் அந்த வெற்றிகளுக்குப் பிறகுதான்.

அந்தப் புகாருக்கு நடுவே கடலூர் இந்துமதி கதிரேசனின் பெயர் எப்போதும் வரும். தமிழ்நாடு காவல்துறையில் வேலை பார்ப்பவர். பொதுவாக நடுக்களத்தில் ஆடுகிறவர். 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியில் நான்கு கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 3-1 என்று வென்று இந்தியா தொடர்ந்து ஐந்தாவது தடவையாகக் கோப்பையைத் தூக்கியது. நடுக்களத்துப் பெண் இத்தனை கோல் போட்டால் அவரை முன்னால் தள்ளலாமே என்று ரசிகர்கள் கேட்பது நியாயம். முன்னால் தள்ளினால் அவருக்குப் பந்து கொடுக்க இந்துமதி மாதிரி இன்னொருவர் வேண்டுமே என்று பயிற்சியாளர் யோசிப்பதும் நியாயம். இரண்டு நியாயங்களில் எது சரி என்று தெரிய இருபது முப்பது மேட்ச் வேண்டும். தெற்காசியாவில் எளிதான அணிகளோடு ஆடிய நான்கைந்து மேட்சை வைத்துக்கொண்டு யாராலும் தீர்ப்பு சொல்லமுடியாது.

லீக் வளர வளர வேறொரு சிக்கலும் சேர்ந்தது. கோப்பை வேண்டும் என்றால் கழகங்கள் முதலில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைத்தான் தேடும். கோகுலம் கேரளா அணிக்கு நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, கானாவின் எல்ஷதாய் அச்சம்பாங் வந்தார்கள். 2022-23 பருவத்தில் சபித்ரா மட்டும் 29 கோல் போட்டார். பிறகு உகாண்டாவின் ஃபாசிலா இக்வாபுட் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்து கோல் மழை பொழிந்தார். ஆட்டத்தின் தரம் உயர்ந்தது. நம் தடுப்பாட்டக்காரர்களுக்கு நல்ல பாடம் கிடைத்தது. ஆனால் நடுவில் அவர்கள் நின்றால் நம் பெண்கள் ஓரத்துக்குப் போகவேண்டும். வருடம் பூரா கழகத்தில் ஓரமாக ஓடிப் பந்து கொடுத்துப் பழகியவரை, தேசிய அணிக்கு வந்ததும் "நடுவில் நின்று கோல் போடு" என்றால் எப்படி? அதிலும் மிஞ்சி வருகிறவர்கள் உண்டு. கோகுலத்தில் வளர்ந்த மனீஷா கல்யாண் 2021 நவம்பரில் மனாவுஸ் நகரில் பிரேசிலுக்கே ஒரு கோல் போட்டார். அந்த மேட்ச் 6-1 என்று தோல்விதான். ஆனாலும் பிரேசில் வலையில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த பந்து கிடந்ததை யாரால் மறக்கமுடியும்? அடுத்த வருடம் சைப்ரஸுக்குப் போய், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். பாலா தேவி அதற்கும் முன்பே, 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் சேர்ந்திருந்தார். ஐரோப்பிய அணியோடு தொழில்முறை ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியப் பெண். அப்போது அவருக்கு வயது முப்பது. முட்டியில் அடிபட்டு அந்தப் பயணம் பாதியில் நின்றது.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. உலகக் கோப்பைக்குப் போக அதுதான் வாசல். பாலா தேவி காயத்தால் இல்லை. தமிழ்நாட்டின் சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள், ஒடிசாவின் பியாரி சாசா, மனீஷா, கிரேஸ் தாங்மெய் என்று முன்களத்துக்கு ஆள் இருந்தது. ஜனவரி 20-இல் நவி மும்பையில் இரானோடு முதல் ஆட்டம். வாய்ப்பு மேல் வாய்ப்பாக வந்தும் பந்து வலைக்குள் போகவில்லை, 0-0. அன்று ராத்திரி நடந்த வாக்குவாதம் கொஞ்சமா? அவரை இறக்கியிருக்கலாம், இவரை எடுத்திருக்கலாம் என்று ஆளாளுக்கு ஓர் அணி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கொரோனா அந்த வாக்குவாதத்தை முடித்துவைத்தது. 13 பேரைக்கூட இறக்கமுடியாமல் சீன தைபேயுடனான ஆட்டம் ரத்தானது. இந்தியா விலகியதாக அறிவித்தார்கள். இரானோடு ஆடிய ஆட்டத்தையும் செல்லாது என்று அழித்துவிட்டார்கள். உலகக் கோப்பைக்காகத் தயாரான ஒரு முன்களத்தின் கணக்கில் அந்த 0-0-கூட மிஞ்சவில்லை.

பிறகு தெற்காசியாவும் கைவிட்டுப் போனது. 2022-இல் நேபாளத்திடம் அரையிறுதியில் தோல்வி, 2024-இல் அதே நேபாளத்திடம் பெனால்டியில் தோல்வி. அந்த 2024 போட்டியில்தான், 34 வயதில், பாலா தேவி தன் ஐம்பதாவது சர்வதேச கோலைப் பாகிஸ்தானுக்கு எதிராக அடித்தார். இந்தியப் பெண்களில் யாரும் தொடாத எண். எனக்கு அதைப் பார்க்கும்போது சந்தோஷத்தோடு ஓர் ஆற்றாமையும் வந்தது. தேசம் வருடத்துக்குப் பத்து மேட்ச் வைத்திருந்தால் அந்த ஐம்பது எங்கே போய் நின்றிருக்கும்?

2025 கோடையில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. மங்கோலியாவுக்கு 13, கிழக்கு திமோருக்கு 4, ஈராக்குக்கு 5. மூன்று மேட்சில் 22 கோல். பியாரியின் ஐந்து கோல் இதில் வந்ததுதான். டீக்கடையில் ஒரே கொண்டாட்டம், ஒரே சண்டை. ஜூலை 5-இல் கடைசி ஆட்டம் தாய்லாந்தோடு. இரண்டு உலகக் கோப்பை ஆடிய அணி, அவர்கள் மண், ஜெயிக்கிறவர்களுக்கு மட்டும் இடம். யார் கோல் போடுவார் என்று அத்தனை பேர் பெயரையும் சொன்னோம். போட்டவர் சங்கீதா பாஸ்ஃபோர். வங்காளத்துக்காரர், நடுக்களத்தில் ஆடுகிறவர். 29-ஆம் நிமிடம் தூரத்திலிருந்து ஒன்று, தாய்லாந்து சமன் செய்த பிறகு 74-ஆம் நிமிடம் இன்னொன்று. 2-1. தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குப் போவது இந்தியப் பெண்களுக்கு அதுதான் முதல்முறை. 1983-இல் அதே நாட்டில் அதே அணியிடம் தோற்றுத் திரும்பியவர்கள் கணக்கு தீர 42 வருடம் ஆனது.

"அப்ப ஸ்ட்ரைக்கரே தேவையில்லீங்களா?" என்று ஒருவர் கேட்டார். தேவைதான். தாய்லாந்தின் தடுப்பு வரிசை முன்களத்துப் பெண்களைக் கட்டிப் பிடிக்கப் போனதால்தான் பின்னால் வந்தவருக்கு இடம் கிடைக்கிறது. கோல் போடாத ஸ்ட்ரைக்கரின் ஓட்டம் எந்தக் கணக்கிலும் வராது, ஆனால் அது இல்லாமல் அந்தக் கோல் இல்லை.

மலை மேலே செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு ஆடி மாதம் விழா எடுக்கிறோம். ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்தியவன் என்று புறநானூறு அவனைப் பாடியிருக்கிறது. நம் மனசில் இருக்கிற ஸ்ட்ரைக்கரும் அப்படித்தான்: ஒரே ஓர் உதை, எல்லாம் முடிந்தது. ஆனால் அந்த ஓர் அம்புக்கு முன்னால் எத்தனை ஆயிரம் அம்பு குறி தப்பிக் காட்டுக்குள் விழுந்திருக்கும். தப்பவிடுவதற்கு அவனுக்குக் காடு இருந்தது. நம் பெண்களுக்கு அந்தக் காடு வேண்டும்: பள்ளியில் மைதானம், மாவட்டத்தில் லீக், வருடம் பூரா மேட்ச். தேசிய லீக் 2023-24-இல் ஊர் ஊராகப் போய் ஆடுகிற முறைக்கு மாறியது. அது நல்ல ஆரம்பம்.

டீக்கடைச் சண்டை ஓயவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பாலாவா பியாரியா என்று அடித்துக்கொள்ள ஆள் இருப்பதே ஓர் அணி உயிரோடு இருப்பதற்கு அடையாளம். தரவரிசையிலிருந்து பெயரை எடுத்த 2009-இல் எங்கள் ஊரில் யாரும் சண்டை போடவில்லை. யாருக்கும் தெரியவே தெரியாது. சண்டையோடு சேர்த்து அந்த நான்காவது ஆளின் கேள்வியையும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். யாரை எடுத்தார்கள் என்பதற்கு அடுத்த மூச்சிலேயே: அதுக்கு எத்தன மேட்சு குடுத்தாங்க?