ஆவாரம்பட்டை போன வழி

தா.பழூருக்குத் தெற்கே இறங்கினா கொள்ளிடக்கரை. பொன்னாற்றுத் தண்ணி, நெல்லு, கரும்பு. வடக்கே ஏறினா செம்மண் மேடு, முந்திரிக்கொல்லை, தைலமரம். ஆவாரை இந்த மேட்டுக்குச் சொந்தமான செடி. யாரும் நட்டதில்ல, தண்ணி ஊத்தினதில்ல. சித்திரை வெயில்ல மத்ததெல்லாம் கருகிக் கிடக்கும்போது இது மட்டும் வரப்போரம் பச்சையா நிக்கும். பொங்கலுக்கு வாசல்ல செருகவும் மாட்டுக்கு மாலை கட்டவும் பூப் பறிப்போம். அதோட நம்ம நினைப்புல இருந்து போயிடும்.

ஆவாரையோட பழைய கதையை எழுதுறவங்க சங்க இலக்கியத்துல ஆரம்பிப்பாங்க. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்குற பூக்கள்ல ஆவிரையும் ஒண்ணு. மடலேறப் போற பையன் கழுத்துலயும் எருக்கோட சேர்த்து ஆவிரை மாலை இருக்கும். அதெல்லாம் பூவோட கதை. பட்டையோட கதையை யாரும் பேசுறதில்ல. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, அதனால நான் பட்டையைப் பத்தி எழுதுறேன்.

ஆவாரம்பட்டையை வாயில போட்டு மென்னா நாக்கு இழுக்கும், அவ்வளவு துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் பச்சைத்தோலை அழுகாத தோலா மாத்துது. இங்கிலீஷ்ல இந்தச் செடிக்கு ‘டேனர்ஸ் காசியா’ன்னே பேரு, அதாவது தோல் பதனிடுறவனோட கொன்றை. தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில ஊறவச்சு முடியை எடுத்துட்டு, நொறுக்கின ஆவாரம்பட்டைச் சாறு நிரப்பின தொட்டியில வாரக்கணக்கா போட்டுப் புரட்டுவாங்க. வெளிர் மஞ்சளா தோல் வெளியே வரும். வெயில்பட்டா அது சிவந்து போகும்னு கடைசியில கடுக்காய்த் தண்ணியிலயும் போட்டு எடுப்பாங்க.

முதல்ல இது ஊருக்குள்ளயே முடிஞ்ச வேலை. கவலை இறைச்ச காலத்துல சாலோட அடியில தோல் தும்பி இருக்கும். அது கிழிஞ்சா அன்னிக்கு வயலுக்குத் தண்ணி இல்ல. அந்தத் தோலைப் பதனிட்டுத் தைச்சுக் குடுத்தவங்களைத்தான் ஊர் கடைசியில தள்ளி வச்சிருந்தாங்க. அவங்க கைபட்ட தோல் வழியா வந்த தண்ணியில விளைஞ்ச நெல்லை மட்டும் எல்லாரும் சாப்பிட்டாங்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல இந்த வேலை ஊரைத் தாண்டிப் போச்சு. வட ஆற்காடு, திருச்சி, திண்டுக்கல், மெட்ராஸ்னு தோல் ஷாப்புகள் வந்துச்சு. முதல் போட்டவங்கள்ல முஸ்லிம் வியாபாரிகள் நிறைய. பாதி பதனிட்ட மாட்டுத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ங்கிற பேர்ல லண்டனுக்குக் கப்பலேறுச்சு. அத்தனைக்கும் துவர்ப்பு குடுத்தது முக்கியமா ஆவாரை. அன்னிக்கு நம்ம பக்கம் திருச்சி ஜில்லாவோட உடையார்பாளையம் தாலுகா. தோல் ஷாப்புக்கு வேண்டிய பட்டை இந்த மாதிரி மேட்டு நிலங்கள்ல இருந்துதான் போகணும், ஆத்துப்பாசன வயல்ல ஆவாரை ஏது?

இந்தக் கதையில எனக்கு மறக்க முடியாத இடம் தாது வருஷப் பஞ்சம். 1876ல மழை பொய்ச்சு 1878 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல லட்சக்கணக்கான ஜனம் செத்துச்சு. ஜனத்துக்கு முன்னாடியே மாடு செத்துச்சு. வைக்கோல் இல்ல, தண்ணி இல்ல. அந்த வருஷங்கள்ல மெட்ராஸ் மாகாணத்திலேருந்து போன தோல் ஏற்றுமதிக் கணக்கு மட்டும் சட்டுன்னு ஏறுது. கணக்குப் புஸ்தகத்துல அது வியாபார வளர்ச்சி. ஊர்ல பார்த்தா ஒவ்வொரு தோலும் ஒரு குடியானவன் வீட்டு உழவுமாடு. நல்ல காலத்துல யாரும் உழவுமாட்டைத் தோலுக்குக் குடுக்கமாட்டான். பஞ்சத்துல சாகாத செடியோட பட்டைதான், பஞ்சத்துல செத்த மாட்டோட தோலைக் கப்பலுக்குத் தயார் பண்ணுச்சு. ஆவாரை பூத்திருந்தா சாவு கிட்ட வராதுன்னு நம்மாளு பழமொழி வச்சிருக்கான். அந்த வருஷம் எந்த வாயால அதைச் சொல்லியிருப்பான்னு தெரியல.

1882ல மதராஸ் வனச் சட்டம் வந்துச்சு. ஒதுக்குக் காட்டுல பட்டை உரிக்கிறது உரிமையா இல்லாம அனுமதிச்சீட்டும் குத்தகையும் ஆயிடுச்சு. குத்தகைக்காரனுக்கு எடைதான் கணக்கு. தூரோட ஒட்டி வெட்டினா ஆவாரை மறுபடி துளிர்க்கும், ரெண்டு மூணு வருஷத்துல திரும்பப் பட்டை தரும். வேரோட பிடுங்கினா செடி போச்சு. எடைக்குக் கூலி வாங்குற பசிச்ச ஆளைப் போய்ப் பக்குவமா வெட்டுன்னு சொல்றது நியாயமில்ல.

முதல் உலகப்போர்ல ராணுவ பூட்ஸுக்கு மேல்தோல் வேணும்னு நம்ம கிப்ஸை சர்க்காரே மொத்தமா எடுத்துக்கிச்சு. பிரான்ஸ் சேத்துல நடந்த சிப்பாய் எத்தனையோ பேர் கால்ல ஆவாரைத் துவர்ப்பு இருந்திருக்கும்.

ஆவாரையைத் தோற்கடிச்சது குரோம்னு நினைக்கிறோம். அதுக்கு முன்னாடி தோற்கடிச்சது இன்னொரு பட்டை. ஆஸ்திரேலியாவுல இருந்து வாட்டில் மரம் 1864ல தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்குப் போச்சு. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1860ல, மெட்ராஸ்ல இருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோட ‘ட்ரூரோ’ கப்பல் அதே நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்திருந்துச்சு. பெரும்பாலும் கரும்புத் தோட்டம், பின்னாடி வாட்டில் தோட்டத்துலயும் நம்மாளுங்க வேலை செஞ்சாங்க. அந்த வாட்டில் பட்டை மூட்டையா மெட்ராஸ்ல வந்து இறங்குச்சு. ஆவாரையைப்போல சுமார் ரெண்டு மடங்கு துவர்ப்பு, ஒரே தரம், தேடி அலைய வேண்டாம். தோல் ஷாப்காரங்க அதுக்கு மாறிட்டாங்க. பின்னாடி நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் புல்வெளியை அழிச்சு வாட்டில் போட்டாங்க. இப்ப அதை எடுக்க முடியாம வனத்துறை முழிக்குது.

குரோம் வந்த கதை வேடிக்கை. ஆல்பிரட் சாட்டர்டன்ங்கிற வெள்ளைக்கார இன்ஜினியர் 1900களோட தொடக்கத்துல மெட்ராஸ் கலைப்பள்ளியில குரோம் தோல் பண்ணிப் பார்த்தார். அவர் மனசுல இருந்தது நம்ம கவலைத் தோல்தான், தண்ணியில சீக்கிரம் அழுகாத தோல் வேணும். கவலைக்கு அப்புறம் மோட்டார் வந்துடுச்சு. பல்லாவரம் பக்கத்துல தொடங்கின குரோம் லெதர் கம்பெனியால குரோம்பேட்டைன்னு ஒரு ஊர்ப்பேரு மிச்சம். தோல் ஷாப்புக் கழிவு பாலாத்தை என்ன பண்ணுச்சுன்னு 1996ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புல சொல்லியாச்சு.

இப்ப நம்ம கொல்லையில ஆவாரைக்குப் பட்டைக்காரன் தொல்லை இல்ல. ஜேசிபி வரப்பு, களைக்கொல்லி, சீமைக்கருவை, ரோடு அகலப்படுத்துறது, இதுல காணாம போகுது. முன்னாடி நடவுக்கு முன்ன தழை வெட்டிட்டு வந்து சேத்துல மிதிப்போம். உவர் நிலத்துக்கு அந்தத் தழை நல்லா கேட்கும். தெலங்கானாக்காரங்க இதை மாநிலப் பூவா வச்சிருக்காங்க, பதுக்கம்மா பண்டிகைக்கு அடுக்கு அடுக்கா வைக்கிறாங்க. நாம பாக்கெட் டீத்தூளா வாங்குறோம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்டுட்டுக் குடிங்க.

வீட்டு வாசல்ல வைக்கணும்னா ரொம்பச் சுலபம். காய் தட்டையா மெல்லிசா இருக்கும், பழுப்பாகிக் காய்ஞ்சதும் பறிச்சுக்கணும். விதைத்தோல் கெட்டி, வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ராத்திரி ஊறவச்சு ஆடி, ஆவணி மழையோட இருக்கவேண்டிய இடத்துலயே ஊனிடுங்க, பிடுங்கி நட்டா வேர் கோவிச்சுக்கும். முதல் வருஷக் கோடையில மட்டும் அப்பப்ப ஒரு குடம் தண்ணி. உரம் வேண்டாம், தண்ணி தேங்கவே கூடாது. பூத்து ஓய்ஞ்சதும் இடுப்பளவுக்குக் கவாத்து பண்ணினா அடுத்த தடவை அடர்த்தியா பூக்கும். மஞ்சள் பட்டாம்பூச்சியோட பச்சைப்புழு இலையை மொட்டையடிக்கும், மருந்து அடிக்காதீங்க, பத்து இருபது நாள்ல துளிர்த்துடும். ஆடு மாடு அவ்வளவா கடிக்காது, அதனால வேலிக்கு உள்ளேயே வைக்கணும்னு இல்ல.