செல்ஃப் மோட்டாரும் எங்கய்யன் மணிக்கட்டும்

போன மார்கழியில ஒரு நாள். காலையில அஞ்சரை மணி, பனி கொட்டுது. 14 லிட்டர் பாலைக் கேன்ல ஊத்தி வண்டியில கட்டியாச்சு. செல்ஃப் பட்டனை அழுத்துனேன். "டக்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான், வேற அசைவே இல்லை.

வண்டி இருபது வருஷப் பழசு. கிக்கர் இருக்கு. ஆனா என் வலது முழங்கால் தேய்ஞ்சு போச்சு, உதைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. சொசைட்டியில ஆறரைக்கு மேல பால் ஊத்த முடியாது. நானும் சம்சாரமும் வாசல்ல இருந்து தள்ளிட்டுப் போய், ரெண்டாவது கியர்ல போட்டு ஒரு வழியா எடுத்தோம்.

மெக்கானிக் தம்பி பார்த்துட்டு "பேட்டரி போயிருச்சுங்ணா"ன்னார். புதுசு வாங்கிப் போட்டோம். மறுநாளும் அதே "டக்". அப்புறம் அவரே, "பழைய வண்டிங்ணா, செல்ஃபை மறந்துட்டு கிக்கர்ல ஓட்டுங்க"ன்னார். என் காலுக்கு அது ஆகாத காரியம். அதுவும் போக, இந்தப் பட்டன் எதுக்கு வந்துச்சுங்கறது எங்க வீட்டுல நல்லாத் தெரியும்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க கிணத்துல கரண்டு கிடையாது, ஆயில் இஞ்சின்தான். எங்கய்யன் ஹேண்டிலைப் போட்டு வேகமா நாலு சுத்து சுத்தி, காத்தைத் திறந்து வச்சிருக்கிற லீவரை விடுவாரு. இஞ்சின் "டப்... டப்"னு பிடிக்கும். ஒரு நாள் வேகம் வர்றதுக்கு முன்னாடியே லீவரை விட்டுட்டாரு. ஹேண்டில் திருப்பி அடிச்சு மணிக்கட்டு முறிஞ்சுது. கட்டு போட்டு எலும்பு கூடுச்சு, ஆனா கை கொஞ்சம் கோணலாவே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஹேண்டில் பிடிக்கச் சொல்லிக் குடுத்தப்ப முதல் பாடமே, கட்டைவிரலை மத்த நாலு விரலோட ஒரே பக்கமா வைக்கணுங்கறதுதான். சுத்தி வளைச்சுப் பிடிச்சா, திருப்பி அடிக்கும்போது விரல் போயிரும்.

அமெரிக்காவுல நூறு வருஷத்துக்கு முன்னாடி கார்க்காரங்களுக்கும் இதே பாடுதான். கார் முன்னாடி நின்னு ஹேண்டில் சுத்தணும். கை ஒடிஞ்சவங்க ஏராளம். கேடிலாக் கம்பெனியை நடத்துன ஹென்றி லீலண்டுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படி அடிபட்டு, பின்னாடி இறந்து போனதாச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம்தான் அவர் சார்லஸ் கெட்டரிங்கிட்ட இதுக்கு ஒரு வழி கேட்டாராம்.

கெட்டரிங் 1876ல ஒஹையோவுல ஒரு விவசாயி வீட்டுல பிறந்தவரு. டெய்ட்டன் ஊர்ல கல்லாப்பெட்டி எந்திரம் செய்யற கம்பெனியில வேலை பார்த்தாரு. கையால சுத்துற கல்லாவை மோட்டாரால ஓட வச்சது அவர்தான். அப்புறம் எட்வர்ட் டீட்ஸோட சேர்ந்து 1909ல டெல்கோ கம்பெனியை ஆரம்பிச்சாரு. கார் வேலையெல்லாம் டீட்ஸ் வீட்டுக்குப் பின்னாடி இருந்த கொட்டகையில நடந்திருக்கு. படிச்சப்ப எனக்கு ஒரு சந்தோஷம், நம்ம மாட்டுக் கொட்டகை மாதிரி ஒரு இடத்துலதானே இதெல்லாம் பொறந்திருக்குன்னு.

அந்தக் காலத்து இஞ்சினியர்கள் சொன்னது இதுதான்: இஞ்சினைச் சுத்துற அளவுக்கு ஒரு மோட்டார் வேணும்னா அதுவே ரொம்பப் பெருசா, கனமா இருக்கும், வண்டியில வைக்க முடியாது. கெட்டரிங் கல்லாப்பெட்டியில கத்துக்கிட்டது வேற. கல்லா மோட்டார் நாள் பூரா ஓட வேண்டியதில்லை, ஒரு தடவை வெடுக்குன்னு இழுத்தாப் போதும். சின்ன மோட்டாருக்கு அதன் தகுதிக்கு மேல கரண்டைக் குடுத்தாலும், சில விநாடி தாங்கிக்கும். நிறுத்துனதும் சூடு ஆறிடும். இதே கணக்கைத்தான் அவர் காருக்கும் போட்டாரு. 1912 மாடல் கேடிலாக்ல செல்ஃப் வந்துருச்சு.

பைக்குக்கு வந்தது 1914ல. அமெரிக்காவுல 'இந்தியன்'னு ஒரு பைக் கம்பெனி. பேருதான் இந்தியன், நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அவங்க 'ஹெண்டீ ஸ்பெஷல்'னு ஒரு மாடல்ல செல்ஃப் வச்சாங்க. அன்னைக்கு இருந்த பேட்டரி தாங்கலை. ஒரு வருஷத்துலயே கைவிட்டுட்டாங்க. அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல பைக்னா உதைக்கிறதுதான். 1950கள் கடைசியில ஜப்பான்ல ஹோண்டா மறுபடி கொண்டு வந்தாங்க. ஹார்லி 1965லதான் எலக்ட்ரா கிளைடுல வச்சாங்க.

நம்ம நாட்டுல 1984ல கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் வந்தப்ப, பட்டனை அழுத்துனா வண்டி கிளம்புதுன்னு வேடிக்கை பார்த்தது ஞாபகம் இருக்கு. கிராமத்துல அப்பவும் புல்லட்டும் எஸ்டியும் ராஜ்தூத்தும்தான். புல்லட்டுல ஆம்பியர் முள்ளைப் பார்த்து, லீவரைப் பிடிச்சு, அப்புறம்தான் உதைக்கணும். ஏமாந்தா எங்கய்யன் கை கதைதான், காலுக்கு.

சரி, என் வண்டிக்கு வர்றேன். மெக்கானிக் கைவிட்டதும், கிணத்து மோட்டாருக்கு வச்சிருந்த மீட்டரை எடுத்துட்டு உட்கார்ந்தேன். பேட்டரியில 12.6 வோல்ட். சம்சாரத்தைப் பட்டன் அழுத்தச் சொன்னேன். பேட்டரி செத்திருந்தா 10க்குக் கீழ தொபுக்குன்னு விழணும். விழலை, 12.4லயே நிக்குது. கரண்டு மோட்டாருக்குள்ள போகவே இல்லைன்னு அர்த்தம். ஹாரன் நல்லா அடிக்குதே, லைட் எரியுதேன்னு ஏமாறக்கூடாது. 35 வாட்ஸ் ஹெட்லைட்டுக்கு 3 ஆம்பியர் போதும், செல்ஃபுக்கு அதைப்போலப் பல மடங்கு வேணும். முனையில கொஞ்சம் பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தாலே செல்ஃப் படுத்துக்கும், லைட் எரிஞ்சுட்டேதான் இருக்கும்.

முனை, எர்த் ஒயர் எல்லாம் சுரண்டித் துடைச்சேன். அப்பவும் "டக்"தான். அது ரிலே சத்தம், அப்ப ரிலே வேலை செய்யுது. பட்டனை அழுத்திக்கிட்டே ஸ்பேனர் பிடியால மோட்டார் உடம்புல லேசாத் தட்டுனேன். ஒரு சுத்து சுத்துச்சு! அங்கயே பிடிபட்டுருச்சு, கார்பன் பிரஷ்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு மோட்டாரை வெளிய எடுத்தேன். உள்ள ஒரே கரித்தூள். மிக்ஸியில கார்பன் தேய்ஞ்சா எப்படி நின்னுபோகுமோ அதேதான் இங்கயும். ரெண்டு பிரஷும் துவரம்பருப்பு அளவுக்குத் தேய்ஞ்சு, சுத்துற செம்புத் தகட்டைத் தொடாம நிக்குது. செம்பை மெல்லிசு எமரித் தாள்ல துடைச்சு, இடுக்குல இருந்த கரியைச் சுரண்டி, புது பிரஷ் போட்டேன். மிக்ஸி கார்பனை ராவிப் போட்டுறலாம்னு நினைச்சுறாதீங்க. செல்ஃப் பிரஷ்ல செம்பு கலந்திருக்கும், அத்தனை கரண்டைத் தாங்க அதுதான் ஆகும். (மோட்டார் "விர்ர்"னு ஓடியும் இஞ்சின் சுத்தலைன்னா அது ஒன்வே கிளட்ச். அதுக்கு நான் கை வைக்கிறதில்லை.)

தேய்ச்சது யாருன்னு யோசிச்சா, நான்தான். குளிர்ல சோக்கை இழுத்துட்டு, கிளம்புற வரைக்கும் இருபது விநாடி பட்டனை விடாம அழுத்தறது என் பழக்கம். கெட்டரிங் சில விநாடிக்குன்னு கணக்குப் போட்ட மோட்டாரை நான் கிணத்து மோட்டார் மாதிரி ஓட்டியிருக்கேன். இப்ப மூணு எண்ணறேன், விடறேன், பத்து எண்ணறேன், மறுபடி அழுத்தறேன். பெரும்பாலும் ரெண்டாவது தடவைக்குள்ள கிளம்பிருது.

எங்கய்யனோட இஞ்சின் ஹேண்டில் இன்னும் மாட்டுக் கொட்டகைச் சுவத்துல தொங்குது. பையன் போன வருஷம் வாங்குன பைக்ல கிக்கரே கிடையாது. "இது நின்னுபோனா என்னடா பண்ணுவே?"ன்னு கேட்டேன். "நீங்கதான் இருக்கீங்களே, தள்ளறதுக்கு"ங்கறான்.