ரேமில் இருக்கும் அந்தச் சின்ன வெட்டு

போன மாதம் என் பழைய கம்ப்யூட்டர் ரொம்பவும் தடுமாறியது. ஒரு வரி தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் காபி ஆறிவிடும். "2 ஜி.பி. ரேம்தான் சார் இருக்கு, கூட ஒரு 4 ஜி.பி. போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரத் தம்பி. போட்டார். திரை கறுப்பாகவே நின்றது. பழைய ரேமைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் மாட்டியும் அதே கறுப்பு. "போர்டு போச்சு சார், புது கம்ப்யூட்டரே வாங்கிடுங்க" என்றார். பென்ஷன் பணத்தில் அது சின்னச் செலவல்ல. மனசு கேட்காமல் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து பழைய ரேமை மட்டும் மாட்டினேன். ஓடியது! ஆக, போர்டு சாகவில்லை. புது ரேமுக்கும் அதற்கும்தான் பொருத்தம் இல்லை. ஜாதகம் பார்ப்பதுபோல் இதற்கும் பொருத்தம் உண்டா என்று தேடப்போய், ஐம்பது வருஷச் சரித்திரம் ஒன்று கிடைத்தது.

நான் படித்த பிரெஞ்சில் ரேமை 'மெமுவார் வீவ்' என்பார்கள். உயிருள்ள நினைவு என்று அர்த்தம். மின்சாரம் நின்றாலும் அழியாத ரோம் நினைவுக்குப் பெயர் 'மெமுவார் மோர்த்', அதாவது செத்த நினைவு. நாம் எழுதி வைத்த கோப்புகளும் பேரப்பிள்ளைகளின் படங்களும் இருப்பது இந்த இரண்டிலும் அல்ல, ஹார்டு டிஸ்கில். அது ரெக்கார்டு ரூம் மாதிரி. ரேம் என்பது வேலை செய்யும்போது கோப்பைப் பிரித்து வைக்கும் மேஜை. மேஜையை மாற்றினால் ரெக்கார்டு ரூமுக்கு ஒன்றும் ஆகாது. இதை முதலில் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

1950களில் நினைவகம் என்பது கடுகளவு காந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்த வலை. பெரும்பாலும் பெண்கள்தான் பூத்தொடுப்பதுபோல் கையால் கோத்தார்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். 1966ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு ஒரு யோசனை கண்டார்: ஒரே ஒரு டிரான்சிஸ்டர், துளி மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் ஒரு சின்னக் கபாசிட்டர், இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு பிட். 1968ல் காப்புரிமை கிடைத்தது. ஓட்டைக் குடம்போல் அந்த மின்சாரம் கசிந்துவிடும். அதனால் 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு அறையையும் ஒருமுறை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1970ல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சிப்பில் 1024 பிட் இருந்தது. காந்த வளையங்களின் காலம் அதோடு முடியத் தொடங்கியது.

1981ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது ரேம் சிப்புகளைத் தனித்தனியாகப் போர்டில் குத்துவார்கள். ஒரு கால் மடங்கினால் போச்சு. அந்தத் தொல்லை தீர, சிப்புகளை ஒரு சின்ன அட்டையில் வரிசையாகப் பற்றவைத்து, அட்டையையே செருகும் முறை வந்தது. வாங் லேபரட்டரீஸ் நிறுவனம் இதற்கு வழிகாட்டியது. 'சிம்' என்று பெயர். பிரெஞ்சில் இதை 'பரெத்' என்பார்கள். பெண்கள் தலையில் குத்தும் கிளிப்புக்கும் அதே பெயர்தான். முதலில் வந்த 30 பின் சிம் ஒரே சமயத்தில் 8 பிட் தரும். 386 பிராசசர் கேட்டதோ 32 பிட். ஆகவே நாலு நாலாக வாங்க வேண்டும். பிறகு வந்த 72 பின் சிம் 32 பிட் தந்தது. பென்டியம் 64 பிட் கேட்டது. ஆகவே ஜோடி ஜோடியாக. 168 பின் 'டிம்' தனியாகவே 64 பிட் தந்த பிறகுதான் ஒற்றை ரேம் போதும் என்ற காலம் பிறந்தது.

எல்லாக் கம்பெனிகளும் கூடிப் பேசி ஒரே அளவில் செய்வதற்கு ஜெடெக் என்றொரு அமைப்பு இருக்கிறது. ரேமின் அடியில் இருக்கும் வெட்டு எங்கே வர வேண்டும் என்பதும் அவர்கள் வகுத்ததுதான். டிடிஆர் 2.5 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்2 1.8, டிடிஆர்3 1.5, டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெட்டு இடம் மாறியிருக்கும். தவறானது உள்ளே இறங்காது. அழுத்திப் பார்க்கக் கூடாது. இறங்கவில்லை என்றால் அது நம் ரேம் அல்ல.

இப்படி ஊரோடு ஒத்துப் போகாமல் தனிவழி போனவர்களும் உண்டு. ராம்பஸ் கம்பெனியின் நினைவகத்தை இன்டெல் நம்பியது. 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது அதற்கு ராம்பஸ் ரேம்தான் போட வேண்டும். விலை அதிகம், ஜோடியாக வாங்க வேண்டும், காலியான ஸ்லாட்டிலும் சிப் இல்லாத வெறும் அட்டை ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். ஜனங்கள் மசியவில்லை. 2001ல் சாதாரண எஸ்டிரேம் போடும் வசதியையும், அடுத்து டிடிஆர் போடும் வசதியையும் இன்டெல்லே கொடுத்தது. சில வருஷங்களில் ராம்பஸ் ரேம் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து மறைந்தது. அதை நம்பி வாங்கியவர்கள், பின்னால் கூடுதல் ரேம் வேண்டுமென்றால் அதிக விலை கொடுத்துத் தேட வேண்டியதாயிற்று.

சரி, என் கதைக்கு வருகிறேன். புது ரேம் டிடிஆர்3, என் போர்டும் டிடிஆர்3; வெட்டும் சரியாகத்தான் உட்கார்ந்தது. பிறகு ஏன் ஓடவில்லை? போர்டின் கையேட்டை இன்டர்நெட்டில் எடுத்துப் படித்தேன். ஆரம்ப கால டிடிஆர்3 போர்டு அது. ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைதான் அதற்குப் புரியும். 4 ஜி.பி. என்பது 32 ஜிகாபிட். பதினாறு சிப் இருந்தால் ஒன்றுக்கு 2. எட்டே சிப் இருந்தால் ஒன்றுக்கு 4. கடைக்காரர் போட்டதை எண்ணினேன்: ஒரே பக்கம், எட்டு! வெட்டு என்பது வாசல் காவலர் மட்டும்தான். உள்ளே இருக்கும் அதிகாரி வேறு கேள்வி கேட்பார்.

மறுநாள் கடைக்குப் போய், இரண்டு பக்கமும் சிப் உள்ள பழைய 4 ஜி.பி. ஒன்று கேட்டேன். தம்பி முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஓடியது. புது ரேமின் வேகம் 1333, என் பழையது 1066. இரண்டும் சேர்ந்து 1066லேயே நடக்கின்றன. மாட்டு வண்டியில் மெதுவான மாட்டின் நடைதானே வண்டியின் நடை!

உங்கள் வீட்டிலும் பழைய கம்ப்யூட்டர் தடுமாறினால் தூக்கிப் போடுவதற்கு முன் நாலு விஷயம் பாருங்கள். எந்த டிடிஆர், போர்டு மொத்தம் எவ்வளவு ஏற்கும், ஒரு சிப்புக்கு எவ்வளவு ஏற்கும், மலிவாகக் கிடைப்பது சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு வகையா. டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் அந்த வகை ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சாதாரண போர்டில் ஓடாது. கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள். இந்தக் கட்டுரை அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் எழுதப்பட்டது.