திங்கட்கிழமை இறுக்கம்

ஆனைமலையினின்று பொள்ளாச்சி வழியே கோயமுத்தூர் செல்பவர், தேங்காய் நார் அடிக்கும் களங்களைக் கடந்து பஞ்சாலைகளின் பிரதேசத்தில் புகும்போது, ஒரு தூசியின் நாட்டினின்று மற்றொரு தூசியின் நாட்டுக்குச் செல்கிறார். சுவாச சிகிச்சை பயிலும் மாணவர்கள், குழாய்களையும் கருவிகளையும் கற்பதற்கு முன்னரே, இவ்விரண்டின் சரித்திரத்தையும் அறிதல் அவசியமென்பது என் திடமான அபிப்பிராயம்.

1888இல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் நூற்பாலை கண்டார். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பல்கின. பொதி பிரித்து உதறும் புளோ ரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் நின்றவர்களை வருத்தியது கண்ணுக்குத் தெரியும் பஞ்சன்று. செடியின் உலர்ந்த சருகும், அதில் வளரும் பாக்டீரியாக்களின் நச்சும் கலந்த நுண்தூசியே. வார விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவனுக்குச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், செவ்வாயன்று தளரும், வருஷங்கள் கழியக் கழிய அந்த இறுக்கம் மற்ற நாட்களுக்கும் பரவி, இறுதியில் நிரந்தரமான மூச்சுத் திணறலாய் நிலைத்துவிடும். சணல், ஆளி நார் சிக்கெடுப்போரின் இருமலை 1700இலேயே இத்தாலிய வைத்தியர் ராமசினி எழுதிவைத்தார். எனினும் 1950களில் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த ஷில்லிங் என்பவரே, எந்த நாளில் மூச்சு முட்டுகிறது என்ற எளிய வினாவைக் கொண்டு நோயின் படிகளை வகுத்தார். எக்ஸ்ரே படத்தில் இந்நோய்க்கெனத் தனி அடையாளம் ஏதும் தோன்றாமையால், அந்த வினாவின் மதிப்பு அளவிடற்கரியது. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சை ஊதி வெளிவிடும் வேகத்தை அளந்து ஒப்பிடுதல் அதற்குத் துணை நிற்கும்.

ஆனைமலை அடிவாரத்து நார்த் தூசியோ வேறு இயல்பினது. இலங்கையில் கயிற்றுநார்த் தொழிலாளரைப் பரிசோதித்து உரகொட என்ற மருத்துவர் 1975இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பஞ்சுநோய் காணப்படவில்லை. தூசி என்ற பொதுப்பெயரால் எல்லாவற்றையும் ஒன்றாக்குவது வைத்தியத்துக்குத் தகாது. நோயாளியின் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதி மேற்செல்லும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது; பஞ்சிலா, நாரிலா, எந்தப் பகுதியில், எத்தனை வருஷம் என்பனவெல்லாம் அந்த ஒரு சொல்லில் மறைந்துபோகின்றன.

இன்னொன்றும் உண்டு. முறைவைத்து விடுமுறை விடும் ஆலைகளில் எல்லாருக்கும் வாரம் திங்களன்று தொடங்குவதில்லை, ஆகவே முதலில் கேட்கவேண்டியது, "உங்களுக்கு வார லீவு என்னைக்குங்க?" என்பதே.