உணவுக்குழாய்ப் புற்றும் துளைவழி அறுவையும்

திருவரங்கத்தில் கருவறையை அடைய ஏழு திருச்சுற்றுகளைக் கடக்க வேண்டும் என்று திருச்சி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் உணவுக்குழாயும் ஏறக்குறைய அப்படி அமைந்ததே. முன்னே மூச்சுக்குழலும் இதயமும், பின்னே முதுகெலும்பு, இருபுறமும் நுரையீரல்கள், எல்லாவற்றையும் சுற்றி விலா எலும்புக் கூடு. ஆகவே அதில் தோன்றிய புற்றை வெட்டுவதைவிட, அதனைச் சென்றடைவதே பெரும்பாடாக இருந்தது.

1913-இல் நியூயார்க்கில் பிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர், 67 வயதுப் பெண்மணி ஒருவரின் மார்பைத் திறந்து நோயுற்ற குழாயை அகற்றினார். மீண்டும் இணைக்க அன்று வழி தெரியவில்லை. கழுத்தில் ஒரு துளை, இரைப்பையில் ஒரு துளை. இரண்டையும் உடலுக்கு வெளியே ஓர் இரப்பர்க் குழாய் இணைத்தது. அதன் வழியே உண்டு அந்த அம்மையார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்!

பின்வந்தோர் இரைப்பையையே மார்புக்குள் இழுத்து இணைக்கக் கற்றனர். ஆயினும் அகலத் திறந்த மார்பு வலிக்கும். வலிக்கு அஞ்சி நோயாளி இருமமாட்டார், சளி தேங்கும், நிமோனியா பற்றும். அறுவையில் பிழைத்த பலரை இதுவே கொண்டுபோயிற்று.

சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தும் முறை 1990-களில் வந்தது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்துச் செய்யும் முறையை ஸ்காட்லாந்தில் குஷியேரி 1994-இல் விவரித்தார். அதனை வளர்த்து நிலைநாட்டியவர் நம் கோயமுத்தூர் மருத்துவர் சி. பழனிவேலு. குப்புறப் படுத்தால் என்ன நடக்கிறது? புவியீர்ப்பால் நுரையீரலும் இதயமும் முன்பக்கம் சரிகின்றன. உணவுக்குழாய் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுகிறது. கசியும் குருதியும் பார்வையை மறைக்காமல் வழிந்துவிடுகிறது. எளிய யுக்திதான்! இம்முறையில் 130 பேருக்குச் செய்த அறுவைகளின் விவரத்தை அவர் குழுவினர் 2006-இல் வெளியிட்டனர். அறுவையை ஒட்டி இறந்தோர் இருவரே.

ஆனால் துளை சிறிதானால், நிணநீர்க் கணுக்களில் ஒளிந்த புற்று தப்பிவிடாதா? சில ஆண்டுகளில் நோய் திரும்பினால் சிறு தழும்பால் என்ன பயன்? நியாயமான அச்சமே. ஐரோப்பாவில் 115 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2012-இல் முதல் முடிவை வெளியிட்டனர். அங்கும் துளைவழிப் பிரிவினர் குப்புறவே படுக்க வைக்கப்பட்டனர். முதல் இரு வாரங்களில் நுரையீரல் தொற்று, மார்பைத் திறந்தவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு. துளைவழியில் 9 பேருக்கு. மூன்றாண்டுக்குப் பின் உயிருடனிருந்தோர் முறையே நூற்றுக்கு 40, 50. எண்ணிக்கை சிறிது, இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் துளைவழி அறுவையால் ஆயுள் குறைந்ததற்கு அறிகுறி இல்லை.

அப்படி வாழ்வோர் உண்ணும் முறை மட்டும் மாறிவிடுகிறது. இரைப்பை குறுகி மார்புக்குள் ஏறிவிட்டதால், மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துக்கொள்கிறார்கள். உண்டது மேலேறாதிருக்கத் தலைமாட்டை உயர்த்தி உறங்குகிறார்கள்.